தாடைக்குள் ஒரு டிரில் ஜிக்

கீழ்த்தாடை எலும்புக்குள், கடைவாய்ப் பல்லின் வேருக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது. அதற்குள் ஒரு நரம்பு. கீழ் உதட்டையும் முகவாயையும் யாராவது தொட்டால் நமக்குத் தெரிவது அந்த நரம்பால்தான். கீழ்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்வதற்கு முன் ஊசி போட்டால் பாதி உதடு மரத்துப்போகுமே, அந்த ஊசி தூங்க வைப்பது இதே நரம்பைத்தான். ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் சுழலும் டிரில் பிட் அதில் பட்டுவிட்டால், மரத்துப்போனது மாதக்கணக்கில் அப்படியே நிற்கலாம். சில பேருக்கு உணர்ச்சி திரும்பவே வராது. டீ குடிக்கும்போது உதட்டோரம் வழிவதுகூடத் தெரியாமல் போகும்.

அதனால் கீழ்த்தாடையில் பல் இம்பிளான்ட் வைக்கத் திட்டம் போடும் டாக்டர்கள், இம்பிளான்ட்டின் நுனிக்கும் அந்தக் கால்வாய்க்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. எலும்பை விட்டுவைப்பது வழக்கம். நம்ம ஸ்கேலில் இரண்டு கோடு. இந்த இரண்டு கோட்டுக்குள் வேலையை முடிக்க மனிதக் கை போதுமா, கணினி வழிகாட்டினால் எவ்வளவு மேம்படும் என்பதுதான் கேள்வி. பல் மருத்துவக் கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இதில் பாதிக்கு மேல் நம்ம சிலபஸ்: டாலரன்ஸ், ஜிக்ஸ் அண்ட் ஃபிக்ஸ்சர்ஸ், இமேஜ் பிராசஸிங், கொஞ்சம் புள்ளியியல்.

முதலில் இம்பிளான்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். போன பல்லின் வேருக்குப் பதிலாக எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு அது. விட்டம் பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ., நீளம் 8 முதல் 13 மி.மீ. அளவில் இருக்கும். மேலே ஒரு இணைப்புத் துண்டு, அதற்கு மேல் செயற்கைப் பல். 1950களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியம் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. 1965ல் கோதன்பர்க் நகரில் முதல் நோயாளிக்கு அந்த முறையில் பல் பொருத்தினார்கள். எலும்பு டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் திருகை வைத்தபிறகு "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைக்கலாமே" என்று நகர்த்த முடியாது. கம்பி கட்டினால் இயற்கைப் பல் நகரும், இம்பிளான்ட் நகராது. ஓட்டை எங்கே, எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதுதான் கடைசி வரைக்கும்.

கையால் எப்படிப் போடுகிறார்கள்?

அடி அண்ணாமலைப் பக்கம் போர்வெல் வண்டி வந்து நின்றால் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் திருச்செங்கோட்டு வண்டியாக இருக்கும். வேலை தெரிந்த ஆள் முதலில் மாஸ்டைத் தூக்கி நேராக நிறுத்துவதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்வார். முதல் சில அடியில் சாய்ந்தால் அப்புறம் 500 அடிக்கும் சாய்வுதான். உள்ளே ஒரு பக்கம் கருங்கல்லும் ஒரு பக்கம் வெடிப்புப் பாறையும் இருந்தால், பிட் இளகிய பக்கத்துக்கு ஒதுங்கும். மேலே நிற்பவருக்கு அது கண்ணில் தெரியாது. சத்தத்திலும் வெளியே வரும் தூளிலும்தான் தெரியும்.

தாடை எலும்பும் அப்படித்தான். வெளி ஓடு கெட்டி, உள்ளே கடற்பஞ்சு மாதிரித் துளைகள். டாக்டர் முதலில் 2 மி.மீ. அளவுள்ள பைலட் டிரில்லால் துளைக்கிறார், பிறகு ஒவ்வொரு பிட்டாகப் பெரிதாக்குகிறார். மேல் முன்பல்லைப் பிடுங்கிய கையோடு அந்தக் குழியில் இம்பிளான்ட் வைக்கும்போது, அண்ணம் பக்கத்துச் சுவர் கெட்டியாக இருப்பதால் பிட் உதட்டுப் பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். அங்கே எலும்பு ஏற்கெனவே காகிதம் மாதிரி மெல்லிசு. இதை அனுபவமுள்ள டாக்டர் கையிலேயே உணர்ந்து திருத்துகிறார்.

கையால் போடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதாக நினைக்கக் கூடாது. ஈறைத் திறந்து எலும்பைக் கண்ணால் பார்க்கிறார்கள். பக்கத்துப் பற்கள் திசை காட்டுகின்றன. பைலட் டிரில் முடிந்ததும் அந்த ஓட்டையில் ஒரு பின்னைச் செருகி, சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுத்து, சாய்வு இருந்தால் அடுத்த பிட்டில் சரிசெய்கிறார்கள். ஆழத்துக்குப் பிட்டிலேயே கோடு இருக்கும், சில பிட்டில் ஸ்டாப்பரும் உண்டு. நடுவழியில் செய்கிற இந்தத் திருத்தம் கை முறையின் பெரிய பலம். இதைப் பிறகு மறந்துவிடாதீர்கள், கணினி முறையில் இதுதான் குறைகிறது.

எக்ஸ்ரேயின் கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். ரொம்ப நாளாக ஓபிஜி எனப்படும் நீள எக்ஸ்ரேயை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, படம் பெரிதாகித் தெரியும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இல்லை. இதற்கு ஒரு அழகான தீர்வு வைத்திருந்தார்கள். 5 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டையை, ஆமாம் பால் பேரிங் உருண்டையேதான், ஒரு தகட்டில் பதித்து வாயில் வைத்துப் படம் எடுப்பது. படத்தில் உருண்டை 6.2 மி.மீ. இருந்தால் பெருக்கம் 1.24. நரம்பு வரை படத்தில் 15 மி.மீ. என்றால் நிஜத்தில் 12.1 மி.மீ. அதில் 2 போனால் மிச்சம் 10. பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நரம்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

இரண்டாவது சிக்கலுக்கு உருண்டை உதவாது. ஓபிஜி தட்டையான படம், எலும்பின் தடிமன் அதில் தெரியாது. கிரிவலம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிழக்கே பெரிய கோயில் பக்கமிருந்து பார்த்தால் மலை ஒற்றைச் சிகரம். வருண லிங்கம் தாண்டி அடி அண்ணாமலைக்கு வந்து பாருங்கள், அதே மலைதானா என்று கேட்கத் தோன்றும். குபேர லிங்கம் பக்கம் போனால் ஐந்து முகம். 14 கிலோமீட்டரும் சுற்றினவருக்குத்தான் மலையின் உண்மையான உருவம் மனதில் நிற்கும்.

சிபிசிடி ஸ்கேனர் செய்வது தலையைச் சுற்றிய கிரிவலம். கூம்பு வடிவக் கதிரும் அதற்கு எதிரே ஒரு டிடெக்டரும் தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படம் எடுக்கின்றன. அவற்றிலிருந்து கணினி முப்பரிமாண உருவத்தைக் கட்டுகிறது. 1990களின் கடைசியில் இத்தாலியில் வந்த இந்த இயந்திரம்தான் பல் மருத்துவத்தில் முப்பரிமாணத் திட்டமிடலைச் சாதாரண விஷயமாக்கியது. ஒரு வாக்ஸலின் பக்கம் பொதுவாக 0.1 முதல் 0.4 மி.மீ. வரை. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிழைக் கணக்கில் முதல் வரி இதுதான்.

ஜிக் வருகிறது

கணினி வழிகாட்டும் முறையில் நடப்பது இது. சிபிசிடி ஸ்கேன் எலும்பைக் காட்டும். வாய்க்குள் விடும் சின்ன ஸ்கேனர் பல், ஈறு ஆகியவற்றின் மேற்பரப்பை எஸ்டிஎல் கோப்பாகத் தரும். இரண்டையும் மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். கடைசியில் வரப்போகும் பல் எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் வரைந்து, அதற்குக் கீழே இம்பிளான்ட்டை வைத்து, நரம்பிலிருந்து தூரம் பார்த்துத் திட்டத்தை முடிவு செய்கிறார்கள். பிறகு பற்களின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் ஒரு ரெசின் தகட்டை 3டி பிரிண்ட் செய்கிறார்கள். அதில் சரியான இடத்தில், சரியான சாய்வில் ஒரு உலோக ஸ்லீவ். பிட் அதன் வழியாக மட்டும்தான் போக முடியும்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இது டிரில் ஜிக். ஸ்லீவ் என்பது புஷ். பற்கள் லொகேட்டர். லாட் உற்பத்தியில் ஆயிரம் பீஸுக்கு ஒரு ஜிக் செய்வோம், இங்கே ஒரே ஒரு வாய்க்கு ஒரு ஜிக், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட. 3டி பிரிண்டிங் இல்லாமல் இது கட்டுப்படியாகியிருக்காது. (நம்ம லேப்பில் பிஎல்ஏ இழை போட்டு அச்சடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகும், கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி. உள்ளே ஜிக் போகும், வெளியே வடை வரும்.)

இப்போது துல்லியத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்கலாம். இம்பிளான்ட் வைத்தபிறகு மறுபடி ஸ்கேன் எடுத்து, திட்டத்தின் மேல் பொருத்திப் பார்க்கிறார்கள். முக்கியமாக மூன்று எண்கள். எலும்புக்குள் நுழையும் இடத்தில் எத்தனை மி.மீ. விலகல், நுனியில் எத்தனை மி.மீ., அச்சுக் கோணத்தில் எத்தனை டிகிரி. கை முறையை அளப்பதற்கும் இதே வழிதான். முன்கூட்டியே கணினியில் திட்டம் போட்டு, டாக்டர் அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு கையால் செய்வார்.

2019ல் பாங்காக்கின் சுலாலாங்கோர்ன் பல்கலைக்கழகக் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. ஒற்றைப் பல் இடைவெளி உள்ள 52 பேர், 60 இம்பிளான்ட். குலுக்கல் முறையில் பாதி ஜிக்கோடு, பாதி கையால். சராசரியும் நியம விலக்கமும் இப்படி வந்தன. கோணம்: ஜிக்கில் 3.1 ± 2.3 டிகிரி, கையில் 6.9 ± 4.4. நுழையும் இடம்: ஜிக்கில் 1.0 ± 0.6 மி.மீ., கையில் 1.5 ± 0.7. நுனி: ஜிக்கில் 1.3 ± 0.6 மி.மீ., கையில் 2.1 ± 1.0.

இதை ஒரு விளம்பரக்காரரிடம் கொடுத்தால் "கோணப் பிழை பாதிக்குமேல் குறைகிறது" என்பார். பொய் இல்லை. ஆனால் நாம் கொஞ்சம் கால்குலேட்டரை எடுப்போம்.

முதலில், எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா? இம்பிளான்ட் நீளம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.9 டிகிரி சாய்ந்தால் நுனி 10 × சைன் 6.9, அதாவது 1.2 மி.மீ. விலகும். நுழையும் இடத்தில் ஏற்கெனவே 1.5 விலகல். இரண்டும் ஒரே திசை என்றால் 2.7. ஆனால் திசைகள் பலவிதமாக இருக்கும், எனவே வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.9. அளந்தது 2.1. ஜிக்குக்கு அதே கணக்கு: 10 × சைன் 3.1 என்பது 0.54, நுழைவில் 1.0, சேர்த்தால் 1.1. அளந்தது 1.3. சராசரிகளை மட்டும் வைத்து, நீளத்தை நாமே ஊகித்துப் போட்ட கணக்குக்கு இது நல்ல பொருத்தம். இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. ஜிக் நுழையும் புள்ளியில் தரும் லாபம் அரை மில்லிமீட்டர்தான். கோணத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் அதன் பெரிய லாபம், அது ஆழம் போகப் போகப் பெரிதாகிறது. பக்கத்துப் பல்லின் வேரை இடிப்பது நுனிதான், நரம்பை எட்டுவதும் நுனிதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஜிக்கின் நுனிப் பிழைக்குச் சராசரியோடு இரண்டு நியம விலக்கத்தைக் கூட்டுங்கள்: 1.3 + 1.2 = 2.5 மி.மீ. நாம் விட்டுவைத்த இடைவெளி 2! (இந்தப் பிழைகள் பூஜ்யத்துக்குக் கீழே போகாதவை, பெல் வளைவு அப்படியே பொருந்தாது, அதனால் இது தோராயம். அதோடு இந்த 2.5 எல்லாத் திசையும் சேர்ந்தது, நரம்பை நோக்கிய ஆழத்தில் வருவது அதில் ஒரு கூறு மட்டும்.) அதாவது, ஜிக் இருக்கிறதே என்று நம்பி 2 மி.மீ. இடைவெளியை 1 ஆகக் குறைக்க முடியாது. எலும்பு கம்மியாக இருக்கும் நோயாளியிடம் இந்தச் சபலம் வரும்: "கணினி முறைதானே, கொஞ்சம் நீளமான இம்பிளான்ட் போடலாம்." கூடாது. ஜிக்கால் நரம்புக்குக் கிடைக்கும் லாபம், அதே 2 மி.மீ.யைத் தாண்டும் வாய்ப்பு குறைவதுதான். இடைவெளியைச் சுருக்கினால் அந்த லாபத்தை நாமே செலவழித்துவிடுகிறோம்.

ஒரு ஆய்வு போதாது என்பவர்களுக்கு: அலி தஹ்மாசெப் தலைமையிலான குழு 2018ல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 471 நோயாளிகள், 2,238 இம்பிளான்ட்கள், எல்லாமே ஜிக் முறை. சராசரி நுழைவுப் பிழை 1.2 மி.மீ., நுனியில் 1.4, கோணம் 3.5 டிகிரி. பாங்காக் எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதே ஆசிரியரின் 2014 தொகுப்பில் சராசரி கிட்டத்தட்ட இதேதான், ஆனால் அதிகபட்சத்தையும் போட்டிருந்தார்கள்: நுழைவில் 4.5 மி.மீ., நுனியில் 7.1 மி.மீ. நுனியில் 7.1 என்பது இம்பிளான்ட்டின் நீளத்தில் பாதிக்கு மேல். சராசரியை மட்டும் படிப்பவருக்கு இந்த ஆள் தெரியவே மாட்டார். அந்த ஒரு நோயாளிக்குச் சராசரி 1.39 என்று சொல்லி என்ன பயன்?

ஜிக் போட்டும் பிழை எங்கிருந்து வருகிறது?

கையை இரும்புக் குழாய்க்குள் கட்டிப் போட்டபிறகும் ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? சங்கிலியாக வருகிறது. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி லேசாகத் தலையை அசைத்திருப்பார். உலோகக் கேப் போட்ட பல் இருந்தால் அதைச் சுற்றிப் படத்தில் நட்சத்திரம் மாதிரிக் கோடுகள் சிதறும், எஸ்டிஎல்லைப் பொருத்தப் பிடிமானம் கிடைக்காது. பொருத்தும் வேலையில் ஆள் மூன்று புள்ளியைக் கிளிக் செய்வார், அல்காரிதம் மீதியை நெருக்கமாக இழுத்துவரும். தொடக்கப் புள்ளி மோசம் என்றால் தவறான இடத்தில் சமாதானமாகி உட்கார்ந்துகொள்ளும். சிஎஸ்இ நண்பர்களுக்கு லோக்கல் மினிமம் எக்ஸாமோடு முடிந்துபோன விஷயமாக இருக்கலாம், இங்கே அது ஒருவரின் எலும்பில் ஓட்டையாகிறது. அப்புறம் பிரிண்ட், அதன் பிறகான கியூரிங் சுருக்கம். அப்புறம் வாயில் தகடு முழுசாக உட்கார்ந்ததா என்பது. இதற்காகத் தகட்டில் சின்னச் சின்ன ஜன்னல்கள் வைப்பார்கள், அதன் வழியே பல் முனை தகட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் 0.2, 0.3, 0.3, 0.5 மி.மீ. என்று பிழை இருப்பதாக உதாரணத்துக்கு வையுங்கள். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் 1.3. வர்க்கமூல முறையில் 0.69. எந்தக் கட்டத்திலும் யாரும் பெரிய தப்புச் செய்யவில்லை, ஆனாலும் முக்கால் மில்லிமீட்டர் வந்துவிட்டது.

ஸ்லீவின் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், ரசமானது. பிட் சுழல வேண்டும் என்றால் ஸ்லீவுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி வேண்டும். விட்டத்தில் 0.1 மி.மீ. இடைவெளி, ஸ்லீவ் உயரம் 5 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். பிட் சாயக்கூடிய அதிகபட்சக் கோணத்தின் டேன் 0.1 ÷ 5, அதாவது 1.15 டிகிரி. ஸ்லீவின் அடிக்கும் எலும்புக்கும் நடுவே ஈறுக்காக 4 மி.மீ. விட்டிருக்கிறது, அதற்குக் கீழ் 10 மி.மீ. துளை. ஸ்லீவின் நடுவிலிருந்து நுனி வரை 2.5 + 4 + 10 = 16.5 மி.மீ. நுனி விலகல் 0.33 மி.மீ. முடி தடிமன் அளவு இடைவெளி, மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகி நுனியில் வந்து நிற்கிறது. ஸ்லீவை எலும்புக்கு இன்னும் 2 மி.மீ. கிட்டே கொண்டுவந்தால் 0.29. உயரத்தை 5லிருந்து 7 ஆக்கினால் 0.25. அப்படியென்றால் நீள ஸ்லீவே போடலாமே? போடலாம், ஆனால் பிட்டும் அதே அளவு நீளமாக வேண்டும். வாய் திறக்கும் அளவு முன்பக்கமே பெரும்பாலோருக்கு 40 முதல் 50 மி.மீ.தான், கடைசிக் கடைவாய்ப் பல் பக்கம் இன்னும் குறைவு. ஹேண்ட்பீஸ், பிட், தகடு மூன்றும் அங்கே நுழையாது. இதனாலேயே பின்பற்களில் பல டாக்டர்கள் ஜிக்கை ஓரம் வைத்துவிட்டுக் கைக்குத் திரும்புகிறார்கள்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்பு தொடங்குவதை 1983ல் கோதன்பர்க்கில் எரிக்சனும் ஆல்ப்ரெக்ட்சனும் முயலில் காட்டினார்கள். அதனால் துளைக்கும்போது சலைன் நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். தகடும் ஸ்லீவும் அந்த நீரை எலும்புக்குப் போகவிடாமல் மறைக்கும். பிட்டை அடிக்கடி வெளியே இழுத்து, நீர் காட்டி, மறுபடி விட வேண்டும். அவசரப்பட்டால் துளை துல்லியமாக இருக்கும், எலும்பு வெந்திருக்கும்.

எனக்கு இதில் மிகவும் உறுத்தலான இடம் லொகேட்டர். ஒரு பொருளை ஜிக்கில் அசையாமல் வைக்க 3-2-1 விதி படித்திருக்கிறோம். ஒரு பல் மட்டும் போன இளைஞருக்கு மீதிப் பற்கள் எல்லாம் கெட்டியான லொகேட்டர், தகடு கிளிக் என்று உட்காரும். பல்லே இல்லாத பாட்டிக்கு? தகடு ஈறின் மேல்தான் உட்கார வேண்டும். ஈறு அமுங்கும், வழுக்கும், ஊசி போட்டால் வீங்கும். பக்கவாட்டில் எலும்புக்குள் பின் அடித்துத் தகட்டை நிறுத்துகிறார்கள், ஆனால் பின் அடிக்கும் அந்த நொடியில் தகடு சரியாக இருந்ததா என்பது மறுபடி ஈறையே நம்பியது. 2018 தொகுப்பும் இதையே காட்டியது: சில பற்கள் மிச்சமிருந்தவர்களிடம் ஜிக் அதிகத் துல்லியம், முழுவதும் பல் போனவர்களிடம் குறைவு. பக்கத்துப் பல் என்ற திசைகாட்டி இல்லாததால் கைக்கு வழிகாட்டி மிக அதிகம் தேவைப்படுவது பாட்டிக்கு. ஜிக் மிக நன்றாக வேலை செய்வது பேரனுக்கு.

அதோடு 2014 தொகுப்பில், ஜிக் முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 36.4 சதவீதம் பேருக்கு அறுவையின்போதோ பல் பொருத்தும்போதோ ஏதோ ஒரு சிக்கல் பதிவாகியிருந்தது. பாதியில் தகடு உடைந்தது, எலும்பில் பிடிமானம் போதாமல் திட்டத்தை மாற்றியது, மேலே வைத்த பல் பொருந்தாதது இப்படி. ஆனால் இம்பிளான்ட்கள் நின்ற விகிதம் 97.3 சதவீதம். கையால் நன்றாக வைத்தாலும் இம்பிளான்ட் இதே போலத்தான் நிற்கிறது. எனவே "ஜிக் போட்டால் அதிக நாள் வரும்" என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

கேமராவும் ரோபோவும்

ஸ்லீவின் இடைவெளி, வாய் திறப்பு, நீர் மறைப்பு ஆகிய மூன்றையும் தாண்ட ஒரு வழி, குழாயே இல்லாத வழிகாட்டல். தாடையில் ஒரு குறியீட்டுத் தகடு, ஹேண்ட்பீஸில் ஒன்று. மேலே இருக்கும் கேமராக்கள் இரண்டையும் தொடர்ந்து பார்த்து, பிட்டின் நுனி இப்போது எலும்பில் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும். கூகுள் மேப் மாதிரி என்று வையுங்கள். பாதியில் திட்டத்தை மாற்றலாம், கை முறையின் அந்தத் திருத்தும் சுதந்திரம் திரும்பி வருகிறது. ஆனால் டாக்டர் வாயைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வேலை செய்யப் பழக வேண்டும். அதே சுலாலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் 2019லேயே இதை ஜிக்கோடு ஒப்பிட்டார்கள். நுனிப் பிழை ஜிக்கில் 1.28, கேமராவில் 1.29 மி.மீ. கோணம் 2.84, 3.06. வித்தியாசமே இல்லை எனலாம். ஸ்கேன், பொருத்தல் என்ற முன்பாதிச் சங்கிலி இரண்டிலும் ஒன்றுதானே.

2016 டிசம்பரில் அமெரிக்காவில் யோமி என்ற ரோபோக் கைக்கு அனுமதி கிடைத்தது. டாக்டர்தான் பிடித்துத் துளைப்பார், வழி விலகினால் கை எதிர்த்துத் தள்ளும். 2017 செப்டம்பரில் சீனாவின் சியான் நகரில் டாக்டர் கை வைக்காமலே ஒரு ரோபோ ஒரு பெண்ணுக்கு இரண்டு இம்பிளான்ட் வைத்தது, பிழை 0.2 முதல் 0.3 மி.மீ. என்று செய்தி வந்தது. இரண்டே இரண்டு இம்பிளான்ட். புள்ளியியல் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அப்போ வீட்டில் அம்மாவுக்கு இம்பிளான்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஊரில் இருக்கும் டாக்டர் கையால்தான் போடுவார் என்றால் பயப்பட வேண்டுமா? ஒரே பல், இரு பக்கமும் நல்ல பல், எலும்பு தாராளம், நரம்பு தூரம் என்றால் என் அபிப்பிராயத்தில் அனுபவமுள்ள கை போதும். நரம்பு கிட்டே இருக்கும்போது, வரிசையாகப் பல இம்பிளான்ட் ஒன்றுக்கொன்று இணையாக வர வேண்டும்போது, முன்பல்லில் ஒரு டிகிரி சாய்ந்தாலும் சிரிப்பில் தெரியும்போது ஜிக்குக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சிபிசிடி எடுத்தார்களா, அதில் நரம்பு வரை எத்தனை மி.மீ. இருக்கிறது? கையால் போடும் டாக்டரும் இதற்குப் பதில் வைத்திருப்பார். ஜிக் என்றால் கூடுதலாக, தகடு முழுசாக உட்கார்ந்ததை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்றும் கேட்கலாம்.

மினி புராஜெக்ட் தேடுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு அக்ரிலிக் கட்டை, 2 மி.மீ. பிட், உயரம் 4, 5, 7 மி.மீ. என மூன்று புஷ், ஒவ்வொன்றிலும் இரண்டு விதமான இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் இருபது துளை, பாதியை ஒருவரும் பாதியை வேறொருவரும் கையால் பிடித்துப் போட வேண்டும். அக்ரிலிக் ஊடுருவித் தெரியும் என்பதால் இரண்டு பக்கமிருந்து போட்டோ எடுத்தே கோணத்தை அளந்துவிடலாம், ஸ்கேனர் வேண்டாம். ஒரு பக்கமிருந்து மட்டும் எடுத்தால் போதாது, ஏன் என்று கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். மேலே போட்ட டேன் கணக்கு தருவது அதிகபட்சக் கோணம். உங்கள் துளைகளில் எத்தனை அந்த எல்லை வரை போகின்றன, ஆள் மாறினால் அந்த எண்ணிக்கை மாறுகிறதா என்று பாருங்கள். துளைக்கும்போது தண்ணீர் விட மறக்காதீர்கள், அக்ரிலிக்கும் உருகும்.